ஏழு பார்பராக்கள்: ஒரு ராஜாவின் அக்கா வழியைத் தேடிப் பிடித்த கதை

இங்கிலாந்துக் குடும்பங்களின் கொடிவழியைத் தேடுகிறவர்களிடம் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் ஒரு பெண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள் என்பது என் அனுமானம். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாரும் ஒரே குடும்பப் பெயரைச் சுமந்துகொண்டு வரிசையாக நிற்பார்கள், பாட்டி மட்டும் "மேரி" என்ற ஒற்றைச் சொல்லாக இருப்பாள். எந்த மேரி, எந்த ஊர், யார் மகள் என்று ஒன்றும் இருக்காது. கல்யாணமான அன்றே பெயர் மாறிவிடுகிறது, அதோடு அவள் பிறந்த வீட்டுப் பக்கம் கதவு சாத்தியாயிற்று.

அப்படியானால் பாட்டி, பாட்டிக்குப் பாட்டி என்று பெண்கள் வழியாக மட்டுமே ஐந்நூறு வருடத்தைக் கடக்க வேண்டும் என்றால்? ஒருவர் அதைச் செய்தார். அவர் தேடியது 15-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ரிச்சர்ட் ராஜாவின் அக்கா வழியை. 2012-ல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்தில் எலும்புக்கூடு கிடைத்த செய்தி எல்லாருக்கும் தெரியும். அந்த எலும்பு யாருடையது என்று சொல்ல முடிந்ததற்குக் காரணமான காகித வேலை, தோண்டுவதற்கு எட்டு வருடம் முன்பே முடிந்திருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எனக்கு எலும்பைவிட இந்தக் காகித வேலைதான் பிடிக்கும், அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

ஆரம்பம் லெஸ்டரில் இல்லை, பெல்ஜியத்தில். மெக்லன் என்ற ஊரில் பிரான்சிஸ்கன் துறவிகளின் பழைய மடம் இருந்த இடத்தில் சில பெண்களின் எலும்புகள் கிடைத்திருந்தன. ரிச்சர்டின் இன்னொரு அக்கா மார்கரெட், பர்கண்டி சீமாட்டி, 1503-ல் இறந்து அந்த மடத்தில்தான் புதைக்கப்பட்டார். எலும்புகளில் ஒன்று அவருடையதா என்று பார்க்க அந்தக் குடும்பத்தின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வேண்டும். 2003-ல் அந்த எலும்புகளை ஆராய்ந்தவர்கள் ஜான் ஆஷ்டவுன்-ஹில் என்ற ஆங்கிலேய வரலாற்றாளரிடம் கேட்டார்கள்.

இந்த டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்கும் மகளுக்கும் கிடைக்கும், ஆனால் மகன் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டான், மகள் கொடுப்பாள். ஆகவே ரிச்சர்டின் அம்மா சிசிலி நெவிலில் தொடங்கி, மகள், மகளின் மகள், அவள் மகள் என்று ஒரு இடத்தில்கூட ஆண் குறுக்கே வராமல் இன்று உயிரோடு இருக்கும் ஒருவரிடம் வந்து சேர வேண்டும். சாதாரணக் குடும்பத் தேடலில் இன்றிலிருந்து பின்னோக்கிப் போவோம், ஒவ்வொரு சான்றிதழும் முந்தைய தலைமுறையைக் கையைக் காட்டும். இங்கே 15-ஆம் நூற்றாண்டிலிருந்து முன்னோக்கி வர வேண்டும். அந்தக் காலத்து ஆவணம் எதுவும் "இந்தப் பெண் நாளை யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள்" என்று சொல்லாது. நாலு மகள் இருந்தால் நாலு வழியிலும் நடந்து பார்க்க வேண்டும், மூன்று முட்டுச்சந்தில் போய் நிற்கும்.

ரிச்சர்டுக்கே நேரடி வாரிசு வழி கிடையாது. ஒரே முறைப்படியான மகன் 1484-ல் சிறுவனாகவே இறந்துபோனான். சகோதரிகளில் மார்கரெட்டுக்குப் பிள்ளை இல்லை. கடைசியில் மூத்த அக்கா ஆன் வழிதான் கைகொடுத்தது.

ஆனின் கதையே ஒரு சினிமா. முதல் கணவர் எக்ஸிட்டர் பிரபு ஹென்றி ஹாலண்ட், அந்த 15-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் எதிர்க் கட்சிக்காரர். அந்தக் கல்யாணம் 1472-ல் ரத்தானது, அதில் பிறந்த மகளுக்கு வாரிசு இல்லை. பிறகு தாமஸ் செயின்ட் லெஜர் என்பவரை மணந்தார். ஒரே மகள் பிறந்தாள், அவளுக்கும் ஆன் என்றே பெயர், பிரசவத்தில் தாய் போய்ச் சேர்ந்தார். அந்த செயின்ட் லெஜரை 1483-ல் கலகத்தில் சேர்ந்த குற்றத்துக்காக எக்ஸிட்டரில் தலையை வெட்டியது யார் தெரியுமா? மைத்துனர் மூன்றாம் ரிச்சர்டேதான். தான் கொன்ற மனிதனின் மகள் வழியாகத்தான் தன் எலும்பு அடையாளம் காணப்படப் போகிறது என்று ராஜாவுக்கு யார் சொல்வது.

தாய் ஆன் இறந்த தேதியில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது, புதிதாகத் தேட வருகிறவர்கள் இதில் அவசியம் விழுவார்கள். இன்றைய கணக்கில் 1476 ஜனவரி. ஆனால் அன்றைய இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25-ல்தான் பிறக்கும், 1752 வரை இந்தக் கணக்குதான். ஆகவே பழைய முறையில் அதே ஜனவரி 1475-ஐச் சேர்ந்தது. தாய் இறந்தது 1475, மகள் பிறந்தது 1476 என்று இரண்டு புத்தகத்திலிருந்து எடுத்து எழுதிவிட்டால், செத்துப்போன பிறகு பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி வம்ச மரத்தில் உட்கார்ந்துவிடுவாள். அதைப் பார்த்துவிட்டு "இது வேறு ஆன் போலிருக்கிறது" என்று வழியையே அறுத்துவிடுகிறவர்களும் உண்டு. காணாமல் போன தலைமுறைகளில் சில இப்படி நம் கையாலேயே காணாமல் போனவை. ஜனவரி முதல் மார்ச் 24 வரை உள்ள தேதியாக இருந்தால், அதை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று பார்க்காமல் மேலே போகக்கூடாது.

சின்ன ஆன் ஜார்ஜ் மேனர்ஸ் என்ற பிரபுவைக் கட்டினாள். இருவர் உருவமும் வின்ட்சர் கோட்டையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக் கல்லறைமேல் இன்றும் படுத்திருக்கிறது. மகன் வழி ரட்லண்ட் பிரபுக்கள் ஆனார்கள், அந்த வழியை எந்தப் பிரபுக்கள் புத்தகத்தைத் திறந்தாலும் பார்க்கலாம். நமக்கு வேண்டியது மகள் கேதரின். யார்க்ஷயரில் எவரிங்ஹாம் என்ற ஊரின் ராபர்ட் கான்ஸ்டபிளுக்கு வாழ்க்கைப்பட்டாள் (போலீஸ் கான்ஸ்டபிள் இல்லை, குடும்பப் பெயரே அதுதான்). இங்கிருந்து ராஜ வாசனை குறைந்துகொண்டே போகும், ஆவண வேலை கூடிக்கொண்டே போகும்.

ஏன் என்றால் இங்கிலாந்தில் ஊர்த் தேவாலயங்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணை வந்ததே 1538-ல்தான், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்டது. அதற்கும் முன்னால் பதிவேடு என்று ஒன்று இல்லை. 1538-க்குப் பிறகும் பல ஊர்களில் காகிதத்தில் எழுதி வைத்தார்கள், எலி தின்றது, ஈரம் தின்றது. 1598-ல் எல்லாவற்றையும் தோல் ஏட்டில் நகலெடுங்கள் என்றார்கள், கூடவே "குறிப்பாக எலிசபெத் ராணி பட்டமேறிய வருடத்திலிருந்து" என்று ஒரு வார்த்தை. போதாதா? பல ஊர்களில் அதற்கு முந்தைய இருபது வருடத்தை நகலெடுக்காமல் விட்டுவிட்டார்கள். நிறைய ஊர்களின் பதிவேடு சொல்லிவைத்ததுபோல 1558-ல் தொடங்குவது அதனால்தான்.

இதில் இன்னொரு சிக்கல், யார்க்ஷயரின் இந்தக் குடும்பங்களில் கத்தோலிக்கப் பற்று அதிகம். கேதரினின் மகள் பார்பரா கான்ஸ்டபிள் போய்ச் சேர்ந்தது பாப்தார்ப் குடும்பத்துக்கு, அவள் மகள் மார்கரெட் பாப்தார்ப் போனது விட்பி சோம்லி குடும்பத்துக்கு. அரசாங்கத் தேவாலயத்துக்குப் போகாதவர்களுக்கு 1581-க்குப் பிறகு மாதம் 20 பவுன் அபராதம், அது சின்னத் தொகை இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்தில் குழந்தைக்கு ரகசியமாக ஞானஸ்நானம் நடந்திருந்தால் ஊர்ப் பதிவேட்டில் பெயர் இருக்காது. ஆனால் அபராதப் பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்கலாம்! ஒரு கதவை மூடிய அதே அரசாங்கம் இன்னொரு கதவைத் திறந்து வைக்கிறது. இந்த மார்கரெட் கத்தோலிக்கராக இருந்த செய்தி, அவர் பேரன் ஹ்யூ சோம்லி எழுதிவைத்த குடும்ப நினைவுக்குறிப்பிலும் வருகிறது.

பதிவேடு இல்லாத இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? வசதியான குடும்பமென்றால் இரண்டு பிடிமானம் உண்டு. முதலாவது, 1530 முதல் 1688 வரை அரசின் கொடிச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய் எழுதிய வம்சப் பட்டியல்கள். குடும்பச் சின்னம் வைத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டா என்று கேட்பார்கள், வீட்டுக்காரர் தன் பரம்பரையைச் சொல்ல, அவர்கள் எழுதிக்கொள்வார்கள். யார்க்ஷயருக்கு 1530-ல் வந்தார்கள், 1563-ல், 1584-ல், 1612-ல், கடைசியாக 1665-ல் வில்லியம் டக்டேல் வந்தார். இந்தப் பட்டியல்களை நான் எப்படிப் படிப்பேன் என்றால், சொன்னவரின் தாத்தா வரைக்கும் நம்புவேன், அதற்கு மேலே போனால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிடுவேன், ஏனென்றால் பெருமை பேசுவதற்கென்றே நடந்த விசாரணையில் யார் சின்ன வம்சத்தைச் சொல்வார்? ஆனால் நமக்கு இதில் ஒரு லாபம்: மகள்களை யாருக்குக் கட்டிக்கொடுத்தோம் என்பதும் பெருமைதான், அதனால் "பார்பரா, இன்னார் மனைவி" என்ற வரி கிடைத்துவிடும்.

இரண்டாவது பிடிமானம் உயில். இதற்கு ஈடு எதுவும் இல்லை. பதிவேடு எழுதுகிற பாதிரியாருக்கு அந்தக் குழந்தைமேல் ஒரு அக்கறையும் கிடையாது, உயில் எழுதுகிறவர் தன் சொத்தைக் கொடுக்கிறார், பெயரைத் தப்பாக எழுதமாட்டார். "என் மகள் பார்பரா", "அவள் கணவர்", "அவர்கள் மகள்" என்று ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கும். வடக்கு மாவட்டத்து உயில்கள் யார்க்கில் போர்த்விக் காப்பகத்தில் இருக்கின்றன, கேன்டர்பரி நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டவை, 1384 முதல் 1858 வரை, லண்டன் கியூவில் தேசிய ஆவணக் காப்பகத்தில். 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய 1653 முதல் 1660 வரை எல்லா ஊர் உயிலும் லண்டனுக்குத்தான் வந்தது. யார்க்கில் தேடிவிட்டு "இவர் உயிலே எழுதவில்லை" என்று முடிவுகட்டியவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

சரி, பார்பராக்களுக்கு வருவோம். சோம்லி வீட்டு மார்கரெட்டின் மகள் பார்பரா சோம்லி. அவள் தாமஸ் பெலாசிஸ் என்ற பிரபுவை மணந்து பெற்ற மகள் பார்பரா பெலாசிஸ். அவள் மகள் பார்பரா ஸ்லிங்ஸ்பி. அவள் மகள் பார்பரா டால்பட். அவள் மகள் பார்பரா யெல்வர்டன். அவள் மகள் பார்பரா கால்தார்ப். அவள் மகள் பார்பரா காஃப். ஏழு தலைமுறை, ஏழு குடும்பப் பெயர், ஒரே பார்பரா! இரண்டு நூற்றாண்டு தாயும் மகளும் ஒரே பெயரில்.

இது வரமா சாபமா என்று கேட்டால் இரண்டும்தான். தாய் பெயரை மகளுக்கு வைக்கும் பழக்கம் ஒரு குடும்பத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த தலைமுறையில் யாரைத் தேடுவது என்று ஒரு குறிப்பு கிடைக்கிறது. ஆனால் பார்பரா என்று மொட்டையாக ஒரு வரி கண்ணில் பட்டால் அது அம்மாவா, மகளா, பேத்தியா? யெல்வர்டனைப் பெற்ற பார்பரா டால்பட் 1763 வரை இருந்தார். பேத்திக்கும் கல்யாணமாகியிருந்த காலம் அது. பெயரை மட்டும் பார்த்துப் பொருத்துகிறவர்கள் இங்கே ஒரு தலைமுறையை அப்படியே விழுங்கிவிடுவார்கள், இரண்டு பார்பராவை ஒருத்தியாக்கிவிடுவார்கள். வயதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பெயரின் எழுத்துக்கூட்டலும் ஒத்துழைக்காது. சோம்லி என்பதையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மனசில் நிற்பது பார்பரா பெலாசிஸ். கணவர் ஹென்றி ஸ்லிங்ஸ்பி அந்த 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்க் காலத்தில் நாட்குறிப்பு எழுதியவர், மனைவி நோயில் படுத்ததையும் 1641-ல் இறந்ததையும் அதில் எழுதியிருக்கிறார். மற்ற பார்பராக்களை யாரோ ஒருவரின் மனைவி, மகள் என்றுதான் நாம் சந்திக்கிறோம், இவளை மட்டும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். ஸ்லிங்ஸ்பி ராஜா கட்சி. ராஜா இல்லாமல் நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஆலிவர் கிராம்வெல்லுக்கு எதிராகச் சதி செய்தார் என்று 1658 ஜூனில் லண்டன் டவர் ஹில்லில் தலையை எடுத்தார்கள். இதில் கூத்து என்னவென்றால், அதற்கு முந்தைய வருடம்தான் இறந்துபோன மனைவியின் அண்ணன் மகன் கிராம்வெல்லின் மகளைக் கட்டியிருந்தான். தாயும் இல்லை, தகப்பனும் இல்லாமல் நின்ற அவர்களுடைய மகள் பார்பரா பிறகு வில்ட்ஷயரில் லேகாக் என்ற ஊரின் ஜான் டால்பட்டை மணந்தாள். யார்க்ஷயரிலிருந்து நாட்டின் மறுகோடிக்கு. ஊர்ப் பதிவேடுகளை மட்டும் நம்பித் தேடினால் அவள் இங்கே மறைந்தேபோவாள், பக்கத்து ஊர்களில் எவ்வளவு தேடினாலும் கல்யாணப் பதிவு வராது. போதாக்குறைக்கு 1640-களிலும் 50-களிலும் பாதிப் பதிவேடுகள் போரில் ஓட்டையாகக் கிடக்கின்றன.

அடுத்த பொறி பெயர் மாற்றம், ஆண்களின் பெயர் மாற்றம். கடைசி பார்பராவைப் புத்தகங்கள் பார்பரா காஃப்-கால்தார்ப் என்று எழுதும். உண்மையில் அவள் பிறந்து, பர்மிங்ஹாம் பக்கத்து எல்ம்டனின் ஐசக் ஸ்பூனருக்கு மனைவியான காலத்தில் வெறும் காஃப்தான். அவள் சகோதரன் தாய்மாமன் சொத்துக்கு வாரிசாகி 1788-ல் கால்தார்ப் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்ட பிறகு, எழுதியவர்கள் அவளுக்கும் சேர்த்து ஒட்டிவிட்டார்கள். அந்தப் பெயரில் கல்யாணப் பதிவைத் தேடினால் கிடைக்குமா? ஸ்பூனரின் ஒரு மகளும் பார்பராதான், அடிமை வணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸின் மனைவி. நம் கோடு அவள் வழியாகப் போகாமல் தங்கை வழியாகத் திரும்புகிறது, அவள் பெயர் ஆன். அவள் மணந்த பாதிரியார் எட்வர்ட் வான்சிட்டார்ட், ஒரு உறவுக்காரப் பெண்மணியின் உயில் போட்ட நிபந்தனைக்காக 1805-ல் அரசு அனுமதி வாங்கி நீல் என்ற பெயரை எடுத்துக்கொண்டவர். வான்சிட்டார்ட் என்ற பெயர் நம் பக்கத்துக்கும் புதிதில்லை, வங்காளத்தின் கவர்னரான ஹென்றி வான்சிட்டார்ட் பையனாகக் கம்பெனி வேலைக்கு வந்து இறங்கியது கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில்தான்.

இதற்கப்புறம் தேடல் இறக்கத்தில் சைக்கிள் ஓட்டுவதுபோல. 1837 ஜூலையிலிருந்து அரசே பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதிகிறது, பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. 1851 முதல் மக்கள்தொகைக் கணக்கில் உறவுமுறையும் பிறந்த ஊரும் வந்துவிடும். ஆனின் மகள் சார்லட், அவள் மகள் இன்னொரு சார்லட், அவள் மகள் மியூரியல், அவள் மகள் ஜாய். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கனடா போன ஜாய், இப்சன் என்பவரை மணந்து அங்கேயே இருந்தார். 2004-ல் ஆஷ்டவுன்-ஹில் அவரிடம் போய்ச் சேர்ந்தார். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, நீங்கள் மூன்றாம் ரிச்சர்டின் அக்கா வழியில் பதினாறாவது தலைமுறை, கொஞ்சம் உமிழ்நீர் கொடுங்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்!

அவர் கொடுத்தார். மெக்லன் எலும்புகள் ஒத்துவரவில்லை. எதற்காக இத்தனை பாடுபட்டார்களோ அந்தக் காரியம் நடக்கவில்லை, பட்டியல் மட்டும் மிஞ்சியது. ஜாய் 2008-ல் இறந்துவிட்டார். நான்கு வருடம் கழித்து, 2012 ஆகஸ்ட் 25 அன்று லெஸ்டரில் தோண்ட ஆரம்பித்த முதல் நாளே கால் எலும்புகள் தெரிந்தன. லண்டனில் மேசை நாற்காலி செய்யும் தச்சராக இருந்த ஜாயின் மகன் மைக்கேல் இப்சன் வந்து கன்னத்தின் உள்பக்கத்திலிருந்து மாதிரி கொடுத்தார்.

இங்கே லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் கெவின் ஷூரர் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு அரைகுறை. ஒருவர் வரைந்த ஒரே ஒரு கோட்டை நம்பி ராஜா என்று அறிவிக்க முடியுமா? அவர் ஒவ்வொரு தாய்–மகள் இணைப்பையும் மறுபடி ஆவணங்களோடு ஒத்துப் பார்த்தார், அதோடு நிற்காமல் இரண்டாவது கோடு ஒன்றையும் தேடினார். கேதரின் மேனர்ஸுக்கு பார்பரா தவிர எவரில்டா என்று ஒரு மகள். பெயரைக் கேட்டாலே ஊர் தெரியும், எவரிங்ஹாம் ஊர்த் தேவாலயமே புனித எவரில்டா பெயரில் இருப்பது. அவள் வழியில் மகள் மகளாக வந்து இன்னொரு பெண்மணி கிடைத்தார். அவருக்கும் மைக்கேலுக்கும் இடையே பதினான்காம் பங்காளி முறை, அதிலும் இரண்டு தலைமுறை வித்தியாசம். இருவரும் ஒருவர் இருப்பதை மற்றவர் அறியாதவர்கள்.

மரபணு ஆய்வாளர் டூரி கிங் தலைமையில் டிஎன்ஏவை முழுதாகப் படித்தார்கள். எலும்புக்கும் மைக்கேலுக்கும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அந்தப் பெண்மணிக்கு ஒரே ஒரு எழுத்து மாற்றம், இத்தனை தலைமுறையில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். சிசிலி நெவிலிலிருந்து ஒரு பக்கம் 18 பிறப்பு, இன்னொரு பக்கம் 20, ஒன்றிலும் பிசகில்லை. மற்ற சான்றுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 99.999 சதவீதம் ரிச்சர்டுதான் என்று 2014 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

அதே கட்டுரையில்தான் அந்த இன்னொரு முடிவும் வந்தது. தந்தை வழியையும் சோதித்தார்கள். ரிச்சர்டின் மூதாதையான மூன்றாம் எட்வர்ட் ராஜாவிலிருந்து பியூஃபோர்ட் பிரபுக்கள் வரை அச்சடித்த புத்தகங்களில் கல்வெட்டுபோல நிற்கிற வழி. 1803-ல் இறந்த ஐந்தாம் பியூஃபோர்ட் பிரபுவின் ஆண்வழி வாரிசுகள் ஐந்து பேரிடம், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோம் எடுத்தார்கள். ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடு ஒத்துவரவில்லை, அதாவது சமீபத் தலைமுறைகளிலேயே ஒரு முறிவு. மீதி நால்வர் ரிச்சர்டோடு ஒத்துவரவில்லை. அந்தப் பிரபுவுக்கும் ரிச்சர்டுக்கும் இடையே உள்ள 19 இணைப்புகளில் எங்கோ ஓரிடத்திலாவது ஏட்டில் இருக்கும் தகப்பன் வேறு, பெற்ற தகப்பன் வேறு. எந்த இடம் என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று என்று குறைவாக வைத்துக் கணக்குப் போட்டாலும் 19 இணைப்பில் எங்காவது முறிவு இருக்க ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு, ஆகவே இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பத்திரிகைகள்தான் இன்றைய அரச குடும்பத்தின் பட்டம் செல்லுமா என்று குதித்தன.

அம்மா சொல்லித்தான் அப்பா என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்வதுதான் இது. பட்டத்துக்காகவும் நிலத்துக்காகவும் மூன்று நகல் எடுத்துக் காப்பாற்றிய வழி அறுந்திருக்கிறது. யாரும் வழி என்றே நினைக்காத, ஒவ்வொரு கல்யாணத்திலும் பெயர் அழிந்துபோன பெண்களை உயில் ஒன்று, பட்டியல் ஒன்று என்று பொறுக்கிக் கோத்த வழி அறாமல் இருந்திருக்கிறது. தேடுவதற்குக் கடினமான கோடும், கிடைத்தால் நம்பக்கூடிய கோடும் ஒன்றேதான் என்பதால், பாட்டியிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களிடம் தாத்தா பக்கம் போய்விடாதீர்கள் என்றுதான் நான் சொல்லிவருகிறேன்.

2015 மார்ச் 26-ல் லெஸ்டர் தேவாலயத்தில் ரிச்சர்டை மறுபடி அடக்கம் செய்தார்கள். ஓக் மரச் சவப்பெட்டியைச் செய்து கொடுத்தவர் மைக்கேல் இப்சன்.